மொட்டை மாடியில் நாலு கேஸ் டப்பா

1

எங்கள் வேலைத்தளத்தில் மாதக் கடைசியில் ஒரு மஞ்சள் தாள் கொடுப்பார்கள். விபத்து நடந்தால் எழுதுகிற தாள் அல்ல அது. அதற்கு வேறு நிறம். இது, நடக்க இருந்து நடக்காமல் போன விபத்தை எழுதுகிற தாள். எந்த இடம், என்ன நேரம், எந்தக் கருவி, யாருடைய கவனக்குறைவு, இனி நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று ஐந்து கட்டங்கள். எல்லோரும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். நானும் ஐந்து வருஷமாக ஒன்றுமில்லாதவனாகத்தான் இருந்தேன்.

இந்த மாதம் அந்தத் தாளை நான்கு நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். இரண்டு மாத லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியவன் நான். நடக்க இருந்து நடக்காமல் போனது ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆனால் அது நடக்காமல் போன இடம் தர்மபுரி மாவட்டம் கடத்தூர். இடம் என்ற கட்டத்தில் அதை எழுதினால் ஃபோர்மேன் பிராங்க் மேலும் மூன்று தாள் கொடுப்பான். யாருடைய கவனக்குறைவு என்ற கட்டமோ ஒரு விரற்கடை அகலம்தான். அதற்குள் எனக்கு இடம் போதாது.

என் மகள் மலருக்குப் பன்னிரண்டு வயது. “நோன்னு எழுதிட்டு விடுப்பா” என்கிறாள். டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும் இந்த ஊரில் வளர்கிற பிள்ளை. எல்லாவற்றுக்கும் இரண்டு எழுத்தில் பதில் இருக்கிறது அவளிடம். மரம், அளவு, சம்பளம், வானிலை இவற்றைப் பேசுமளவுக்கு எனக்கு ஆங்கிலம் உண்டு. சித்திரை மாத மொட்டை மாடியை விளக்குமளவுக்கு இல்லை. அதனால்தான் தமிழில், உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் தச்சன். இங்கே வீடுகளை மரத்திலேயே கட்டுகிறார்கள். சுவர், கூரை, தரை எல்லாம் மரச்சட்டம். ஒரு வீட்டுக்கு எத்தனை ஆணி என்று எண்ண ஆரம்பித்தால் வீடு முடியாது. அதற்காகத்தான் இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மெஷின் வந்தது. பார்க்க துளை போடுகிற மெஷின் மாதிரி இருக்கும். ஒயர் கிடையாது, காற்றுக் குழாய் கிடையாது. கைப்பிடிக்குள் ஒரு பேட்டரி, உடம்புக்குள் ஒரு கேஸ் டப்பா, கீழே பட்டையாக ஒட்டி வைத்த ஆணிகள். மூக்கை மரத்தின் மேல் வைத்து அழுத்தினால் உள்ளே ஒரு குட்டி மின்விசிறி உர்ரென்று சுற்றி, கேஸையும் காற்றையும் கலக்கும். பிறகு விசையை இழுத்தால் உள்ளே பொறி பறந்து கேஸ் வெடிக்கும். மூன்று அங்குல ஆணி தலைவரைக்கும் மரத்துக்குள் போய்விடும். சுத்தியலால் ஏழு அடி அடிக்கிற வேலை, ஒரு ‘டப்’.

இதைத் தொடுவதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தினார்கள். கண்ணாடி போடு, காதை மூடு. அடிக்கிற நேரம் தவிர விசையில் விரல் இருக்கக் கூடாது. மூக்கை உன் மேலோ அடுத்தவன் மேலோ காட்டாதே. மூக்கை அழுத்தாமல் அடிக்கவிடாத பூட்டைக் கட்டிப்போட்டு வேலை செய்யாதே. ஆணி சிக்கினால் முதலில் பேட்டரி, பிறகு கேஸ், பிறகு ஆணிப் பட்டை என்று கழற்றிவிட்டுத்தான் உள்ளே பார்க்க வேண்டும். ஏணியில் ஏறும்போது மெஷினைக் கையில் வைத்துக்கொள்ளாதே. கேஸ் டப்பாவைக் குத்தாதே, நெருப்பில் போடாதே, ஐம்பது டிகிரிக்கு மேல் சூட்டில் வைக்காதே. இந்த ஊரில் ஐம்பது டிகிரிக்கு எங்கே போவது என்று நான் கேட்டேன். வகுப்பே சிரித்தது. நான் எழுந்து நின்று வணக்கம் போட்டேன். அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் என்னால் தேற முடியவில்லை. நம் ஊர்த் தச்சனுக்குக் கால் என்பது நடப்பதற்கு மட்டுமல்ல. தரையில் உட்கார்ந்து, பலகையைப் பாதத்துக்கு அடியில் கொடுத்து, கட்டைவிரலால் நெருக்கிப் பிடித்தால்தான் நமக்கு வேலை ஓடும். இங்கே வந்த முதல் வாரம், ஆள் இல்லாத நேரம் பார்த்து, கால் கிலோமீட்டர் நீளக் கயிறு கட்டிய பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஒரு சட்டத்தைக் காலில் பிடித்து அறுத்தேன். பிராங்க் பார்த்துவிட்டான். திட்டவில்லை. மற்றவர்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி வேடிக்கை காட்டிவிட்டு, கால்விரலுக்குத் தனியாகச் சம்பளம் வேண்டுமா என்று கேட்டான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என் பெயர் அங்கே ‘குரங்கு’. பாசமாகத்தான் கூப்பிட்டார்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

3

ஊரில் என் அண்ணன் மாதையனும் தச்சர்தான். கடத்தூரில் வீட்டை ஒட்டியே பட்டறை. போன வருஷம் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து விழுந்து வலது தோள் இறங்கிப் போயிற்று. கட்டுப் போட்டார்கள், எலும்பு சேர்ந்தது. ஆனால் கையை ஓங்க முடியாது. இடுப்புக்கு மேலே சுத்தியல் எழும்பினால் முகம் கோணும். சுத்தியல் ஓங்காத தச்சனுக்குக் கூரை வேலை யார் கொடுப்பார்கள்?

ஒருவர் கொடுத்தார். ஊரில் அரிசி மில் வைத்திருப்பவர். நெல் கொட்டி வைக்கிற கொட்டகைக்கு ஓட்டுக் கூரை போட வேண்டும். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். முடிக்க முடியாவிட்டால் பரவாயில்லை மேஸ்திரி, நம்ம கேட்டுல நாற்காலி போட்டு உக்காருங்க, வாட்ச்மேன் சம்பளம் தர்றேன் என்றும் சொல்லியிருக்கிறார். நல்ல மனசோடு சொன்னதுதான். அந்த நல்ல மனசைக் கேட்டதிலிருந்து அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி கடிதம் போட்டிருந்தார்.

கடிதத்தைப் படித்த அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். இந்த மெஷினுக்குக் கையை ஓங்க வேண்டியதில்லை. வைத்து அழுத்தினால் போதும். கூரை முடிந்தால் அண்ணன் தச்சர், முடியாவிட்டால் வாட்ச்மேன். நடுவில் இருப்பது ஒரு மெஷின். வாங்கிவிட்டேன்.

மெஷின் விமானத்தில் என்னோடு வரும், கேஸ் வராது. அது தனியாக, அபாயச் சரக்கு என்று மரப்பெட்டியில் அடைத்து, கப்பலில், என்னைவிட மூன்று மாதம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். ஆறு டப்பா. அதற்கு நான் போட்ட கையெழுத்தை வைத்து ஒரு கல்யாணத்தையே பதிவு செய்திருக்கலாம். மதராஸில் அதை விடுவிக்க மூன்று நாள் ஆனது. மூன்றாவது நாள் ஒரு குமாஸ்தா காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கேஸ் வந்திருக்கு சரி, கனெக்‌ஷன் புத்தகம் எங்கே என்று கேட்டார். சமைக்கிற கேஸ் இல்லை, ஆணி அடிக்கிற கேஸ் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே சற்று நேரம் பார்த்தார். வீட்டுக்குக் கேஸ் கனெக்‌ஷன் கேட்டு எழுதி வைத்து நான்கு வருஷம் காத்திருக்கிற முகம் அது.

4

கடத்தூரில் மெஷினைப் பிரித்த அன்று பட்டறையில் அண்ணன், அண்ணி, மலர், நான். அண்ணனை மலர் அங்கிள் என்று கூப்பிட்டாள். நான் இவளுக்கு அங்கிளா, இது எந்த ஊரு மொறை என்று அண்ணன் என்னைத்தான் கேட்டார். நான் அவளைப் பெரியப்பா என்று சொல்ல வைத்தேன். அவள் அதை நான்கு துண்டாகச் சொன்னாள்.

பாடம் ஆரம்பித்தேன். கனடாவில் எனக்கு நடத்தியதை அப்படியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நடந்து நடந்து நடத்தினேன். அண்ணன் ஒரு தீக்குச்சியால் காது குடைந்துகொண்டிருந்தார். கண்ணாடியைக் கொடுத்தேன், நெற்றியில் ஏற்றிக்கொண்டார். காதுக்குப் பஞ்சு கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணி நல்ல கேள்விதான் கேட்டார். “கேஸு எங்க தம்பி இருக்குது?”

“மெஷின் வவுத்துக்குள்ளதான் அண்ணி. எனக்கு மாதிரியே.”

எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்கு எழுதி வெச்சு வருசக்கணக்கா வரல, ஆணிக்கு வந்துருச்சு பாருங்க என்று அண்ணியும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பெட்டியில் வரிசையாக நிற்கிற டப்பாக்களைக் காட்டி, கேஸ் இதுதான் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஜோக் நன்றாக எடுபட்ட சந்தோஷத்தில் நான் அடுத்த ஜோக்குக்குப் போய்விட்டேன்.

பிறகு அண்ணன் கையில் மெஷினைக் கொடுத்தேன். அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் சட்டம் ஒன்றை இழுத்து வலது பாதத்துக்கு அடியில் கொடுத்தார். கட்டைவிரலுக்கு மூன்று விரற்கடை தள்ளி மெஷின் மூக்கை வைத்தார்.

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கோழிகள் கூரை ஏறின.

“கால எடுங்கணா.”

“கால எடுத்துட்டா மரத்த யாரு புடிக்கறது? நீ புடிக்கிறயா?”

நம் ஊர் மரம் கனடா மரம் போல மெத்தென்று இருக்காது, கணு தட்டினால் ஆணி வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும், பக்கத்தில் இருப்பது விரலாக இருந்தாலும் கேட்காது என்று விளக்கினேன். நாற்பது வருசமா உளி வெச்சு வேல செய்யறேன், எண்ணிப் பாரு, பத்து வெரலும் இருக்குது என்றார். எண்ணிக் காட்டவும் செய்தார். சட்டத்தைக் கட்டிப்போட்டு அடிக்கலாம் என்றேன். அவனவன் மாட்டத்தான் கட்டுவான், மரத்த எதுக்குடா கட்டறது என்றார்.

இரண்டு நாள் இப்படியே. ஒரு டப்பா கேஸ் பழகுவதிலேயே தீர்ந்தது. தோள் வலிக்கவில்லை என்பதை மட்டும் அவர் வாயால் சொல்லாமல் முகத்தால் சொன்னார். ஆணி ஒவ்வொன்றும் தலைவரைக்கும் இறங்குவதைத் தடவித் தடவிப் பார்த்தார். ஆனால் கால் மட்டும் மரத்தைவிட்டு நகரவில்லை. அண்ணனைத் தச்சராக வைத்திருக்க வந்தவன், நொண்டித் தச்சராக்கிவிட்டுப் போகப் போகிறேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ரோட்டில் யாராவது சாதாரணமாக நொண்டி நடந்தாலே எனக்குத் திக்கென்றது.

5

மூன்றாம் நாள் மெஷின் நின்றது. பச்சை விளக்கு சிவப்பானது. பேட்டரி இறங்கிவிட்டது. சார்ஜர் கனடா மின்சாரத்துக்குச் செய்தது. நம் ஊர் மின்சாரத்தில் நேராகச் செருகினால் புகைதான் வரும். நடுவில் போட நான் கொண்டுபோன டிரான்ஸ்பார்மர் முதல் நாளே கருகிவிட்டது. போதாததற்குக் காலையிலிருந்து கரண்ட் வேறு இல்லை. பேட்டரி போச்சு, பேட்டரி எறங்கிருச்சு என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். மில்காரர் அன்று காலைதான் ஆளனுப்பி, கூரை எப்போது ஏறும் என்று கேட்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறித் தர்மபுரிக்குப் போனேன். அங்கே ரேடியோ ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர் டிரான்ஸ்பார்மரைப் புதிதாகச் சுற்றிக் கொடுத்து, தன் கடையிலேயே பேட்டரிக்குச் சார்ஜும் ஏற்றிக் கொடுத்தார். இரண்டு மணிக்குக் கடத்தூர் திரும்பினேன். சித்திரை வெயில். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் செருப்பு தார் ரோட்டில் ஒட்டியதா, ரோட்டின் தார் செருப்பில் ஒட்டியதா தெரியவில்லை.

அண்ணன் மில்லுக்குப் போயிருந்தார். பட்டறையில் மெஷின் இருந்தது. அதற்குள் ஒரு டப்பா இருந்தது. பேட்டரியைப் போட்டேன், ஆணிப் பட்டையைச் செருகினேன், பச்சை விளக்கு வந்தது. சந்தோஷத்தோடு மிச்ச டப்பாக்களைப் பார்க்கப் பெட்டியைத் திறந்தேன். நான்கு குழி காலியாக இருந்தது.

அண்ணியைக் கேட்டேன். மாவு சலித்துக்கொண்டே சொன்னார்.

“அந்த நாலு பெரிய பேட்டரிங்களா தம்பி? காத்தாலயே மாடியில வெயில்ல வெச்சுட்டனுங்களே. ரேடியோ செல்லோட சேத்து.”

நம் வீடுகளில் இது எல்லோரும் செய்வதுதான். ரேடியோ கம்மினால், டார்ச் மங்கினால், செல்லைக் கழற்றி ஒரு நாள் வெயிலில் காய வைத்தால் இன்னும் ஒரு வாரம் ஓடும். அந்தக் கேஸ் டப்பாவும் பார்வைக்குத் தடித்த டார்ச் செல் போலத்தான் இருக்கும். மேலே எழுதியிருப்பது இங்கிலீஷ். கேஸ் மெஷின் வயிற்றுக்குள் இருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து வந்த அறிவாளி ஒருவன் ஏற்கெனவே சொல்லியிருக்கிறான்.

காலையிலிருந்து இரண்டு மணி வரை. சிமெண்ட் தளம். கோழிகூட மிதிக்காத சூடு.

அதற்குப் பிறகு நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். கையில் இருந்த மெஷினோடு வாசலுக்கு ஓடினேன். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினேன், கத்தியது ஆங்கிலத்தில். வேலைத்தளத்தில் பழகிய வாக்கியம் தானாக வந்துவிட்டது. அண்ணிக்குப் புரியவில்லை. அங்கே நின்ற ஆட்டுக்கும் புரியவில்லை. கனடாவில் ஒருவன் கத்தினால் அந்த இடம் காலியாகும். கடத்தூரில் ஒருவன் கத்தினால் தெருவே வந்து நிற்கும். அப்படியே ஆயிற்று. வந்தவர்கள் என்னைத் தாண்டி மாடியைப் பார்க்க முன்னேறினார்கள். நான் மெஷினோடே ஏணியில் ஏறினேன். நான்காவது படியில், தலை மாடிக்கு மேலே தெரிந்துவிடுமோ என்று பயம் வந்து நின்றேன். இறங்கவும் பயம். மலர் கீழே வந்து நின்று, கூட்டத்துக்குக் கேட்காதபடி மெல்ல, “அப்பா, நீங்க மட்டும்தான் ஓடறீங்க” என்றாள்.

இறங்கி, பட்டறைக்கு வெளியே அடுக்கியிருந்த பலகைகளுக்குப் பின்னால் போய்க் குந்தினேன்.

அண்ணன் மில்லிலிருந்து வந்தார். டப்பா மாடி வெயிலில் இருக்கிறது என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். என்ன ஏது என்று என்னைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததே போதும் போலிருக்கிறது. பழகித் தீர்ந்த காலி டப்பாவை எடுத்து மலரிடம் நீட்டி, இதுல என்னம்மா போட்ருக்குது, சூடாயிட்டா என்ன பண்ணச் சொல்றான் என்று கேட்டார். அவள் படித்தாள். ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷில் படித்து, தடுமாறித் தடுமாறித் தமிழில் சொன்னாள். கிட்ட போகக் கூடாது. நெருப்பு கூடாது. தூரத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். அவ்வளவு நீளமாக அவள் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. அதைக்கூட ரசிக்க முடியாத நிலையில் பலகைக்குப் பின்னால் இருந்தேன்.

அண்ணன் ஊரைத் தெருக்கோடிக்கு அனுப்பினார். பக்கத்து வீட்டு மாடி எங்கள் மாடியைவிட ஓர் ஆள் உயரம். கைப்பிடிச் சுவரும் உண்டு. அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, இடது கையால், குடம் குடமாகத் தண்ணீரை எங்கள் மாடி மேல் வீசினார். அண்ணி இறைத்து இறைத்துக் கொடுத்தார். முதல் குடம் விழுந்தபோது தளத்திலிருந்து எழுந்த ‘சொய்ங்’ சத்தத்துக்கு நான் காதைப் பொத்திக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு குடம் போயிருக்கும். எதுவும் வெடிக்கவில்லை.

பிறகு அண்ணன் இறங்கி என்னிடம் வந்தார். இன்னும் ஊத்தணுமா, போதுமா என்று ஏதோ கேட்க வந்தவர், பாதிப் பேச்சில் நின்றார். தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். எனக்கும் அப்போதுதான் கேட்டது. உர்ரென்று ஒரு சத்தம், பக்கத்திலேயே.

“வெரல எடு” என்றார்.

“என்னணா?”

“பேசாத. மொதல்ல வெரல எடு.”

குனிந்து பார்த்தேன். மெஷின் என் மடியில் இருந்தது. குந்தி உட்கார்ந்து இறுக்கிக் கட்டிக்கொண்டதில் அதன் மூக்கு என் தொடையில் அழுந்தியிருந்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் ஆள்காட்டி விரல் விசையின் மேல். வாசலுக்கு ஓடும்போதும், ஏணியில் ஏறும்போதும், அங்கே கூட்டத்துக்கு நடுவிலும் அந்த விரல் அங்கேதான் இருந்திருக்கிறது.

விரலை எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, எடுக்க வரவில்லை. மாடியில் ஒரு டப்பா வெடித்து நான் ஒருமுறை துள்ளியிருந்தால் போதும். அண்ணன் கிட்டே உட்கார்ந்து, என் விரலைத் தன் விரலால் ஒவ்வொரு கணுவாக நிமிர்த்தி எடுத்தார். மெஷினைத் தரையைப் பார்த்தபடி தூக்கினார். பேட்டரியைக் கழற்றினார். பிறகு கேஸ். பிறகு ஆணிப் பட்டை. மூன்றையும் மூன்று இடத்தில் வைத்தார். காது குடைந்துகொண்டே கேட்டது இத்தனையும்.

“நீ சொல்லிக் குடுத்தபடிதானே கழட்டியிருக்கறேன்?” என்றார்.

வைத்த மூன்றையும் எண்ணிப் பார்த்துத் தலையாட்டினேன்.

அண்ணி குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றிருந்தார். புடவை முழுக்க ஈரம். “அவரு வேல நிக்கக் கூடாதுன்னுதானுங்க தம்பி வெச்சேன்” என்றார். கேஸ் எங்கே என்று கேட்டவரிடம் நான்தான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பதிலுக்கு விக்கல்தான் வந்தது. அதை ஜோக் என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். இத்தனை வருஷம் சம்பாதித்த பெயர் அது.

6

நான்கு டப்பாவும் மாலை வரை தண்ணீரில் நனைந்து, வெயில் தாழ்ந்து, ஆறின. சூடேறிய டப்பாவை மறுபடி மெஷினில் போடக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். அண்ணனுக்கு மனசே இல்லை. மெஷினுக்குள் இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு பாதிக் கூரைதான் ஆகும். மீதிப் பாதிக்கு நாற்காலிதான் என்று அவர் சொல்லவில்லை. அவர் பார்த்த பார்வையில் இருந்தது.

குப்பையில் போட முடியாது, புதைக்க முடியாது. தீயணைப்பு நிலையத்துக்கு எடுத்துப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் மனு இல்லாமல் வாங்க முடியாது என்றார்கள். வெள்ளைத் தாள் வாங்கி எழுதினேன். அனுப்புநர், பெறுநர் எல்லாம் மளமளவென்று வந்தது. ‘பொருள்’ என்ற இடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். கடைசியில் ‘ஆணி அடிக்கும் கேஸ் வெயிலில் காய வைத்தது தொடர்பாக’ என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நகல் கேட்டார்கள்.

மறுநாள் காலை அண்ணன் மில் கொட்டகையில் ஏறினார். கண்ணாடி கண்ணில் இருந்தது. பஞ்சு காதில் இருந்தது. ரீப்பர் ஒவ்வொன்றையும் கூரையின் சாய்வுக் கைமரத்தோடு கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிக் கட்டிவிட்டு, காலை இரண்டு முழம் தள்ளி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் மெஷினை வைத்தார். நான் சொல்லிச் செய்ததல்ல. ஏன் என்று அவரே சொன்னார். நேத்து ஒன் தொடையப் பாத்ததிலேர்ந்து என் கால் எனக்குத் தெரிய ஆரம்பிச்சிருச்சுடா என்றார்.

நானும் ஏறட்டுமா, கொஞ்ச நேரம் நான் அடிக்கிறேன் என்று கேட்டேன்.

“நீ தரையில இரு” என்றார்.

மேல் பாதிக் கூரையை அவர் மெஷினால் அடித்தார். கேஸ் தீர்ந்தது. கீழ்ப் பாதியை நான் சுத்தியலால் அடித்தேன். இரண்டு மூன்று வருஷமாக மெஷின் பிடித்த கை. பெருவிரலில் மூன்று முறை அடித்துக்கொண்டேன். மெஷின் வைத்திருந்தவருக்கு ஒரு கீறல் இல்லை. லீவில் ஒகேனக்கல் போய் மீன் வறுவல் சாப்பிடுவதாக மலருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாரமெல்லாம் அவள் கொட்டகை நிழலில் உட்கார்ந்து, பட்டையில் எத்தனை ஆணி மிச்சம் என்று பெரியப்பா கேட்கக் கேட்க எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழில்தான்.

7

ஓடு வேய்ந்து முடித்த அன்று மில்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார். கீழ்ப் பாதியை யார் அடித்தது, அங்கங்கே ஆணி வளைந்திருக்கிறதே என்று கேட்டார். ஒரு ஆள் வெச்சிருந்தேங்க, வெளியூரு ஆளு என்றார் அண்ணன். மில்காரர் மேல் பாதியை மறுபடி பார்த்துவிட்டு, தவிட்டுக் கொட்டகைக்கும் கூரை மாற்ற வேண்டும், மெஷின்தான் இருக்கிறதே, பிடித்துக்கொள்ளுங்கள் மேஸ்திரி என்றார்.

கேஸ் இல்லை என்று நான் சொல்ல வருவதற்குள் அண்ணன் சரிங்க என்றுவிட்டார். தம்பி அனுப்பிடுவான் என்றும் சொன்னார். அப்படி ஒரு நிமிர்வோடு அவர் நின்று ஒரு வருஷமாவது ஆகியிருக்கும் என்று அண்ணி பின்னால் சொன்னார். அந்த நிமிர்வுக்கு முன்னால் நான் எதைச் சொல்வது?

இங்கே வந்ததிலிருந்து வேலை முடிந்ததும் நேராகக் கப்பல் கம்பெனிகளுக்குத்தான் போகிறேன். போன தடவை அனுப்பிய கம்பெனி இனி இந்தச் சரக்கு எடுப்பதில்லையாம். இன்னொருவன், சரக்கு எங்கே இறங்கும், எந்த வெப்பத்தில் வைக்கப்படும் என்று கேட்டு ஒரு பாரம் கொடுத்தான். கடத்தூரின் மே மாத வெப்பத்தை அந்தக் கட்டத்தில் எழுதினேன். பேனாவை வாங்கி அவனே அடித்துவிட்டான். மூன்றாவது ஆள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். அவன் யோசிக்கிறான், அங்கே மில்காரர் மழைக்கு முன்னால் வேண்டும் என்கிறார்.

நேற்று அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணி கையெழுத்து, அண்ணன் பேச்சு. கைமரம் அறுத்து வைத்துவிட்டாராம். ரீப்பர் இழைத்து அடுக்கிவிட்டாராம். கட்டுவதற்குக் கயிறும் வாங்கி வைத்திருக்கிறாராம். கேஸ் வந்தால் மறுநாளே ஏறிவிடுவேன் என்று எழுதியிருக்கிறார். மலருக்கு அன்பு, என் மனைவிக்கு விசாரிப்பு. கடைசியில் எனக்கு இரண்டு வரி.

“எத்தன டப்பா கெடைக்குதோ அனுப்பு. நீ எதையும் தொடாத. கடைக்காரன் கட்டிக் குடுக்கற மாதிரியே அனுப்பிடு.”